விண்டோஸ் ரிப்பேருக்குப் பிறகு திரையில் கோளாறா? எந்த வழியில் சரிசெய்வது: ஓர் ஒப்பீடு

விண்டோஸ் பழுதாகி, ரிப்பேர் செய்து, கணினி ஒருவழியாக மறுபடி எழுந்துவிட்டது. ஃபைல்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் திரையில் எழுத்துகள் பெரிது பெரிதாக, மங்கலாகத் தெரிகின்றன. ரெசல்யூஷன் 1024 × 768-ஐத் தாண்ட மறுக்கிறது. பிரைட்னஸ் பட்டையைக் காணோம். இரண்டாவது மானிட்டர் செருகியிருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வரும் குழப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். விண்டோஸ் அப்டேட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா, டிரைவரை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளை, நாமே தேடிப் போடலாமா, பழைய நிலைக்குத் திரும்பலாமா, இல்லை இன்னொரு முறை ரிப்பேர் செய்துவிடலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பலரும் சட்டென்று கை வைப்பது கடைசி வழியில். பெரும்பாலான நேரங்களில் அதிகம் இழக்க வைப்பதும் அதுதான். ரிப்பேரில் காணாமல் போன ஒரு டிரைவருக்காக முழு இயங்குதளத்தையும் மறுபடி கலைக்க வேண்டியதில்லை.

## திரை ஏன் இப்படி ஆகிறது

கிராஃபிக்ஸ் டிரைவரை எழுதுவது மைக்ரோசாஃப்ட் இல்லை. சிப்பைத் தயாரிக்கும் இன்டெல், ஏஎம்டி, என்விடியா போன்ற நிறுவனங்கள்தான் அதை எழுதுகின்றன. ரிப்பேர் என்பதோ விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சீராக்கும் வேலை. அந்த வேலையின்போது கிராஃபிக்ஸ் டிரைவர் விடுபட்டாலும், பாதி மட்டும் நகர்ந்தாலும், புதிய ஃபைல்களோடு ஒத்துப்போகாவிட்டாலும் விண்டோஸ் அதை ஒதுக்கிவிட்டு, தன்னிடம் எப்போதும் இருக்கும் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொது டிரைவரை வைத்துத் திரையை ஓட்டும். எந்த கிராஃபிக்ஸ் சிப்பிலும் ஏதோ ஒரு படத்தைக் காட்டிவிடும் என்பதுதான் அதன் பயன். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ரெசல்யூஷனை மாற்றுவது, இரண்டாவது மானிட்டர், லேப்டாப் திரையின் வெளிச்சம், வீடியோ தடங்கலில்லாமல் ஓடுவது எல்லாமே உண்மையான டிரைவர் வந்தால்தான் வரும்.

எஸ்எஃப்சி ஸ்கேனையும் டிஐஎஸ்எம் ரிப்பேரையும் எத்தனை முறை ஓட்டினாலும் திரை மாறாததற்கும் இதுவே காரணம். அவை விண்டோஸ் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்பவை. என்விடியாவின் டிரைவரையோ இன்டெலின் டிரைவரையோ அவை கொண்டுவந்து தரப்போவதில்லை.

## வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்: கோளாறு எங்கே இருக்கிறது?

இந்தச் சோதனைகளுக்குக் கால் மணி நேரம் போதும். இதைத் தவிர்த்துவிட்டு நேராக டிரைவரை இறக்கப் போனால், கேபிளில் இருக்கும் பிரச்சினைக்கு நாள் முழுக்க டிரைவர் மாற்றிக்கொண்டிருக்க நேரிடும்.

முதலில் ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியை விரித்துப் பாருங்கள். மூன்றில் ஒரு நிலை தெரியும்.

- பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. டிரைவர் இல்லை. இருப்பதிலேயே எளிதான நிலை இதுதான்.
- சிப்பின் சரியான பெயர் இருக்கிறது, பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் இருக்கிறது. டிரைவர் இருக்கிறது, வேலை செய்யவில்லை. அதன் மீது டபுள் கிளிக் செய்தால் கோட் 43, கோட் 31, கோட் 10 என்று ஓர் எண் தெரியும். குறித்துக்கொள்ளுங்கள்.
- சரியான பெயர், எந்தக் குறியும் இல்லை. டிரைவர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. செட்டிங்ஸ், கேபிள், மானிட்டர் பக்கம் பாருங்கள்.

மூன்றாவது நிலையில் இருப்பவர்களில் பலருக்கு டிரைவர் வேலையே தேவைப்படாது. ரிப்பேரில் திரை அமைப்புகள் அழிந்து, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும்) மானிட்டர் 60-இல் ஓடலாம். ஸ்கேல் அளவு மாறி எல்லாம் பெரிதாகத் தெரியலாம். மானிட்டருக்கென்று போட்டிருந்த வண்ண புரொஃபைல் போய், நிறங்கள் வேறாகத் தெரியலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே வரை போனால் இவற்றில் முக்கால்வாசியைத் திருப்பிவிடலாம். இரண்டாவது மானிட்டர் மட்டும் இருட்டாக இருந்தால் விண்டோஸ் பட்டனுடன் பி-யை (P) அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர்களை யூஎஸ்பி டாக் வழியாக இணைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்குகளுக்குத் தனி டிரைவர் உண்டு. ரிப்பேரில் அது போயிருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த மானிட்டர்கள் வராது.

அடுத்து, கணினியை அணைத்துப் போட்டு பயாஸ் (மதர்போர்டின் சொந்த அமைப்புகள்) திரைக்குள் நுழையுங்கள். அங்கே விண்டோஸ் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. அங்கேயும் கோடுகள், நடுக்கம், நிறச் சிதறல் தெரிந்தால் குற்றவாளி விண்டோஸ் இல்லை. கேபிள், திரை, கிராஃபிக்ஸ் கார்டு ஆகிய மூன்றில் ஒன்று.

விண்டோஸுக்குள் மட்டும் கோளாறு தெரிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு கருவியில் திறந்து பாருங்கள். கோடும் சிதறலும் படத்திலேயே பதிந்திருந்தால் டிரைவரையோ கிராஃபிக்ஸ் சிப்பையோ சந்தேகிக்கலாம். படம் சுத்தமாக இருந்தால் கேபிள் அல்லது திரைப் பலகை.

திரை விட்டுவிட்டுத் துடிக்கிறதா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவர். சுற்றியிருப்பதெல்லாம் துடிக்க, டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலி ஒத்துப்போகவில்லை. மைக்ரோசாஃப்டே சொல்லும் சோதனை இது. செயலிதான் காரணம் என்றால் கீழே உள்ள எந்த வழியும் உங்களுக்குத் தேவையில்லை. அந்தச் செயலியை அப்டேட் செய்தாலோ நீக்கினாலோ போதும்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரிப்பேருக்காக நகர்த்தி மறுபடி வைக்கும்போது மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில் செருகப்படாமல் மதர்போர்டின் துளையில் செருகப்பட்டிருக்கலாம். பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. அவற்றில் மதர்போர்டு துளையிலிருந்து படம் வராது.

### திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால்

முதலில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை ஒரு கணம் சிமிட்டும், பீப் ஒலி வரும். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது. அதற்கும் அசையவில்லை என்றால், கணினி தொடங்கும்போதே பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்கு வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு எண் பட்டியல் வரும். 3 என்பது குறைந்த ரெசல்யூஷன், 4 சேஃப் மோட், 5 இணையத்துடன் கூடிய சேஃப் மோட். சேஃப் மோடில் பொது டிரைவரே ஓடுவதால் படம் வந்துவிடும். அங்கிருந்து கீழே உள்ள வழிகளுக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புத் திரை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு உரிமையாளர் கவனிக்காமலேயே போடப்பட்டிருக்கும். அந்த எண் அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலிலிருந்து கணக்கைத் திறந்து எண்ணை எழுதி வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

வேகம்தான் முக்கியம் என்று தோன்றும். நான் அதை முதலில் வைக்கமாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை பழுதாகி எழுந்த கணினி இது. ஆகவே முதல் கேள்வி: இந்த வழி பலிக்காவிட்டால் இப்போதிருக்கும் நிலைக்காவது திரும்ப முடியுமா? இரண்டாவது, ஃபைல்களும் புரோகிராம்களும் தப்புமா? மூன்றாவது, சரியானது அப்படியே நிலைக்குமா, அடுத்த அப்டேட்டில் மறுபடி கெடுமா? நான்காவதுதான் நேரமும் இணைய டேட்டாவும். ஐந்தாவது, கையில் என்னென்ன இருக்க வேண்டும்: இன்னொரு கணினி, பென் டிரைவ், பாஸ்வேர்டு, பிட்லாக்கர் எண்.

## வழி 1: விண்டோஸ் அப்டேட்டிடமே விடுவது

பேசிக் அடாப்டர் மட்டும் தெரியும் நிலையில் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கணினியை இணையத்தில் இணைத்து, எல்லா அப்டேட்டுகளையும் ஏற விட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்தில் டிரைவர் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இந்த இடம்வரை போவதே இல்லை. அவர்களுக்கு வேண்டிய டிரைவர் அங்கேயே காத்துக்கிடக்கும்.

ரிப்பேரில் வைஃபை டிரைவரும் சேர்ந்து போயிருந்தால் ஆண்ட்ராய்டு மொபைலை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் இணையம் வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: இங்கே வரும் பதிப்பு பெரும்பாலும் கொஞ்சம் பழையது. கிராஃபிக்ஸ் கண்ட்ரோல் பேனல் கூடவே வராமல், ஸ்டோரிலிருந்து தனியாக எடுக்க வேண்டி வரலாம். எப்போது இறங்கும், எந்தப் பதிப்பு இறங்கும் என்பதும் நம் கையில் இல்லை. நாமே போட்ட டிரைவரின் மேல் அது தன்னுடையதை ஏற்றிவிடும் சந்தர்ப்பமும் உண்டு.

அலுவலக வேலை, படிப்பு, வீடியோ பார்ப்பது மட்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். திரை சரியான பிறகு இன்னும் புதிய டிரைவர் வேண்டும் என்று தேடிப் போக வேண்டியதில்லை.

## வழி 2: லேப்டாப் தயாரிப்பாளரின் டிரைவர்

டிரைவரை நாமே போடுவதென்றால் லேப்டாப்புக்கு என் முதல் தேர்வு இதுதான். அதை விவரமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள்.

லேப்டாப்பில் பிரைட்னஸ் பட்டன், மூடியைச் சாத்தினால் என்ன ஆக வேண்டும், பேட்டரியில் ஓடும்போது எந்த கிராஃபிக்ஸ் வேலை செய்ய வேண்டும் போன்றவற்றை அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் சீரமைத்திருப்பார். சிப் நிறுவனத்தின் பொது டிரைவர் அந்தச் சீரமைப்பை அழித்துவிடக்கூடும் என்று இன்டெலே எச்சரிக்கிறது. கணினியின் அடியில் அல்லது பயாஸ் திரையில் இருக்கும் மாடல் எண்ணையோ சீரியல் எண்ணையோ தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்தால் அந்த மாடலுக்குரிய டிரைவர்கள் மட்டும் வரும்.

இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப் என்றால் வரிசையில் கவனம் வேண்டும். பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் ஒன்று. தனி என்விடியா சிப் இன்னொன்று. பெரும்பாலான இத்தகைய லேப்டாப்களில் திரை இணைந்திருப்பது உள்ளமைந்த கிராஃபிக்ஸோடுதான். ஆகவே என்விடியா டிரைவரை மட்டும் மூன்று முறை போட்டாலும் ரெசல்யூஷன் மாறாது, பிரைட்னஸ் வராது. முதலில் சிப்செட் (மதர்போர்டு) டிரைவர், பிறகு உள்ளமைந்த கிராஃபிக்ஸ், கடைசியாக என்விடியா என்று போங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு ரீஸ்டார்ட்.

எல்லாம் போட்டும் பிரைட்னஸ் மட்டும் அசையவில்லையா? டிவைஸ் மேனேஜரில் 'மானிட்டர்ஸ்' பகுதியில் ஜெனரிக் பிஎன்பி மானிட்டர் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் பல நேரம் பட்டை திரும்ப வந்துவிடும்.

இதன் குறை, டிரைவர்கள் பழையவையாக இருப்பது. சில மாடல்களுக்குத் தயாரிப்பாளர் புதுப்பிப்பதையே நிறுத்தியிருப்பார். விண்டோஸ் 11 ஓடும் கணினிக்குத் தளத்தில் விண்டோஸ் 10 டிரைவர்தான் இருக்கிறது என்றால் தயங்க வேண்டாம், பெரும்பாலும் அதுவே ஓடும். புதிய கேம் ஒன்று புதிய டிரைவரைத்தான் கேட்கிறது என்ற நிலை வந்தால், தயாரிப்பாளரின் டிரைவரில் திரை முழுதாகச் சரியான பிறகு, அதன் மேல் சிப் நிறுவனத்தின் பதிப்பை ஏற்றிக்கொள்ளுங்கள்.

## வழி 3: சிப் நிறுவனத்தின் டிரைவர்

நாமே பாகங்கள் வாங்கிச் சேர்த்த டெஸ்க்டாப் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் வழி. கேம், வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வேலை செய்பவர்களுக்கும் இதுவே.

எந்த கார்டு என்றே தெரியவில்லை, பேசிக் அடாப்டர் என்றுதான் காட்டுகிறது என்பவர்கள் அதன் பிராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்தைக் குறிக்கும் இடத்தில் 8086 என்று இருந்தால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10 என்று தொடங்கி டி, இ என்ற எழுத்துகளில் முடிந்தால் என்விடியா. டிரைவர் பெயரை மறைத்தாலும் இந்த எண் மாறாது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. பழைய கார்டுகளுக்குப் புதிய டிரைவர் ஏறாது. உதாரணமாக, கெப்லர் தலைமுறை என்விடியா கார்டுகளுக்கான ஆதரவு 470 வரிசை டிரைவரோடு 2021-இல் நின்றுபோனது. அதற்கு மேற்பட்ட பதிப்பை இறக்கினால் 'பொருத்தமான கருவி இல்லை' என்று மறுத்துவிடும், நாம் கார்டு போய்விட்டதென்று பயப்படுவோம். இரண்டாவது, பதிவிறக்கத்தின் அளவு. என்விடியா, ஏஎம்டி தொகுப்புகள் பல நூறு எம்பி இருக்கும். மொபைல் டேட்டாவில் வேலை செய்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

டிரைவரைத் தானே கண்டுபிடித்துப் போட்டுத்தருவதாகச் சொல்லும் இலவச 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். தவறான பதிப்பு, கூடவே வரும் தேவையற்ற புரோகிராம்கள், கடைசியில் பணம் கேட்கும் ஜன்னல் என்று அவற்றால் வரும் தொல்லை, திரைக் கோளாறைவிடப் பெரிது.

## வழி 4: பழைய நிலைக்குத் திரும்புவது

இதில் மூன்று கதவுகள். டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் பிராப்பர்ட்டீஸுக்குள் இருக்கும் 'ரோல் பேக் டிரைவர்' முதலாவது. முந்தைய டிரைவரின் தடயம் ரிப்பேரில் போயிருந்தால் அது மங்கி, அழுத்த முடியாமல் இருக்கும். இரண்டாவது சிஸ்டம் ரீஸ்டோர்: முன்பு ஒரு தேதியில் பதிந்து வைத்த நிலைக்கு (ரீஸ்டோர் பாயிண்ட்) விண்டோஸைத் திருப்புவது. ஃபைல்களைத் தொடாது, ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்களும் டிரைவர்களும் போய்விடும். மேலும் விண்டோஸை மேலேயே மறுபடி நிறுவும் வகை ரிப்பேருக்குப் பிறகு பழைய ரீஸ்டோர் பாயிண்டுகள் பொதுவாக மிஞ்சுவதில்லை. மூன்றாவது, ரெகவரி பக்கத்தில் முந்தைய விண்டோஸுக்குத் திரும்பும் 'கோ பேக்' தெரிந்தால் அது. வழக்கமாக 10 நாள்தான் அது இருக்கும்.

ரிப்பேர் முடிந்து திரை சரியாக இருந்து, அதற்குப் பிறகு வந்த ஓர் அப்டேட்டில் கெட்டிருந்தால் ரோல் பேக் அருமையான வழி. சில நிமிட வேலை. ரிப்பேரிலேயே கெட்டது என்றால் யோசித்துச் செய்யுங்கள். திரும்பிப் போகும் அந்தப் பழைய நிலைதான் நம்மை ரிப்பேர் செய்ய வைத்தது. திரைக்காகப் போய் பழைய நோயை வாங்கி வந்துவிடக் கூடாது.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பாதி வழி உண்டு. சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டர் இருந்தால், பழைய டிரைவர் அதற்குள் அப்படியே இருக்கும். விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர், ஃபைல் ரெபாசிட்டரி என்று உள்ளே போக வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து, 'என் கணினியில் தேடு' என்பதைத் தேர்ந்தெடுத்து இந்த ஃபோல்டரைக் காட்டினால், முன்பு நன்றாக ஓடிய அதே டிரைவரை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். இணையமே தேவையில்லை. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்ட பழைய மாடல்களுக்கு இது பெரிய உதவி.

## வழி 5: முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது

மஞ்சள் முக்கோணம், கோட் 43, டிரைவர் ஏறி ஏறித் தோற்பது, 'டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டது' என்ற செய்தி அடிக்கடி வருவது ஆகியவை பழைய டிரைவரின் எச்சம் புதியதோடு மோதுவதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். அங்கே மேலே மேலே போட்டுக்கொண்டே போவதில் பயனில்லை.

மென்மையான வழியிலிருந்து தொடங்குங்கள். டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். என்விடியா நிறுவியில் கஸ்டம் தேர்ந்தெடுத்தால் 'கிளீன் இன்ஸ்டலேஷன்' என்ற பெட்டி வரும். ஏஎம்டிக்கு அதன் சொந்த கிளீனப் யுடிலிட்டி இருக்கிறது. இவை போதாதபோதுதான் டிடியு எனப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். இலவச மென்பொருள், நம்பகமானது. ஆனால் அதைச் சரியான முறையில் ஓட்ட வேண்டும்: புதிய டிரைவரை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும், இணையத்தைத் துண்டிக்க வேண்டும், சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். இணையம் இருந்தால் நாம் துடைத்த உடனே விண்டோஸ் அப்டேட் தன் டிரைவரைப் போட்டுவிடும், துடைத்ததற்கே அர்த்தமில்லாமல் போகும்.

இங்கே பலரை மாட்டிவிடுவது பாஸ்வேர்டு. தினமும் நான்கு இலக்க பின் எண்ணில் நுழைந்து பழகியிருப்போம். சேஃப் மோட் சில நேரம் அந்த எண்ணை ஏற்காமல் கணக்கின் முழு பாஸ்வேர்டைக் கேட்கும். அது நினைவில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு போங்கள். பிட்லாக்கர் எண்ணும் கையில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து, புதிய டிரைவர் சுத்தமாக ஏறிய பிறகும் கோட் 43 நிற்கிறது என்றால் கார்டையே சந்தேகிக்க வேண்டும்.

## வழி 6: மறுபடி ரிப்பேர், ரீசெட், ஃபார்மேட்

இதற்கும் ஒரு இடம் உண்டு. திரையோடு சேர்த்து ஒலி, வைஃபை, விண்டோஸ் அப்டேட் எல்லாமே தடுமாறுகின்றன. எந்த டிரைவரும் ஏற மறுக்கிறது. டிஐஎஸ்எம்மும் பிழையோடு நிற்கிறது. இப்படியென்றால் முதல் ரிப்பேர் பாதியில் நின்றிருக்கிறது, திரை அதன் ஒரு அறிகுறி மட்டுமே.

அப்போதும் குறைந்த இழப்பிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் 11-இன் ரெகவரி பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் வழியாகவே மறுபடி நிறுவும் பட்டன் இருந்தால் முதலில் அது. ஃபைல், புரோகிராம், செட்டிங்ஸ் மூன்றும் தங்கும். அடுத்தது 'கீப் மை ஃபைல்ஸ்' ரீசெட். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: ஃபைல்கள் தங்கும், நாம் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். அவற்றின் லைசென்ஸ் எண்கள் எங்கே என்று தேட வேண்டி வரும். கிளவுட் டவுன்லோடு தேர்ந்தெடுத்தால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். இத்தனையும் செய்து முடித்தாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் தேடும் வேலை மறுபடி முதலிலிருந்து வரலாம். அதனால் டிரைவரையும் வைஃபை டிரைவரையும் பென் டிரைவில் எடுத்து வைக்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

## வழி 7: பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது

பயாஸ் திரையிலேயே கோளாறு தெரிந்தால், கேபிளை மாற்றிப் பார்த்தும் மாறவில்லை என்றால், இதுதான் நேரான வழி. லேப்டாப் என்றால் கொடுக்கும் முன் வெளி மானிட்டர் ஒன்றை இணைத்துப் பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரிந்தால் லேப்டாப்பின் திரை அல்லது அதற்குப் போகும் மெல்லிய கேபிள். வெளியேயும் அதே கோடுகள் என்றால் கிராஃபிக்ஸ் சிப். இதைச் சொல்லிக் கொடுத்தால், தேவையில்லாமல் திரைப் பலகையை மாற்றும் செலவு தப்பும். பழுது பார்ப்பவர்கள் பலர் முதலில் ஃபார்மேட்டில்தான் கை வைப்பார்கள். நீங்கள் செய்த சோதனைகளை எழுதிக் கொடுத்து, கேட்காமல் ஃபார்மேட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | திரும்பி வர முடியுமா | எது போகும் | நிலைக்குமா | கையில் என்ன வேண்டும் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| விண்டோஸ் அப்டேட் | ஆம் | எதுவும் இல்லை | பெரும்பாலும் | இணையம் | பேசிக் அடாப்டர் தெரிபவர்கள், சாதாரணப் பயன்பாடு |
| தயாரிப்பாளர் டிரைவர் | ஆம் | எதுவும் இல்லை | நன்றாக | மாடல் எண், இணையம் | எல்லா லேப்டாப்களும் |
| சிப் நிறுவன டிரைவர் | ஆம் | லேப்டாப்பில் சில சீரமைப்புகள் | நன்றாக | கார்டின் பெயர், பெரிய பதிவிறக்கம் | டெஸ்க்டாப், கேம், எடிட்டிங் |
| ரோல் பேக், ரீஸ்டோர் | பாதி | ரீஸ்டோரில் புதிய புரோகிராம்கள் | அடுத்த அப்டேட்வரை | பழைய பதிவு மிஞ்சியிருக்க வேண்டும் | அப்டேட்டால் கெட்டவர்கள் |
| துடைத்துவிட்டுப் போடுவது | ஓரளவு | டிரைவர் செட்டிங்ஸ் | மிக நன்றாக | பாஸ்வேர்டு, பிட்லாக்கர் எண், முன்பே இறக்கிய டிரைவர் | கோட் 43, ஏறித் தோற்கும் டிரைவர் |
| மறுபடி ரிப்பேர், ரீசெட் | ரீசெட்டில் இல்லை | ரீசெட்டில் புரோகிராம்கள் | டிரைவரைப் பொறுத்தது | பேக்கப், பென் டிரைவ், அரை நாள் | விண்டோஸே தடுமாறுபவர்கள் |
| பழுது பார்ப்பவர் | — | பணம், நாள்கள் | பாகத்தைப் பொறுத்தது | பேக்கப், சோதனைக் குறிப்பு | பயாஸிலேயே கோளாறு தெரிபவர்கள் |

ஒன்றுக்கு மேல் உங்களுக்குப் பொருந்துவதாகத் தோன்றினால், மேலே இருப்பதை முதலில் எடுங்கள். விதிவிலக்கு கோட் 43 மட்டும். அங்கே மேலே மேலே டிரைவர் போட்டுப் பார்ப்பதைவிட ஐந்தாவது வழிக்கு நேராகப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு வழியை முடித்து, ரீஸ்டார்ட் செய்து, டிவைஸ் மேனேஜரைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்றே தெரியாது.

## திரை சரியான பிறகு ஒரு வேலை

கணினியில் இப்போதிருக்கும் மூன்றாம் தரப்பு டிரைவர்களை, அதாவது மைக்ரோசாஃப்ட் அல்லாத நிறுவனங்களுடையவற்றை, ஒரு ஃபோல்டருக்குப் பிரதி எடுக்க விண்டோஸிலேயே 'பிஎன்பி யுடில்' (pnputil) என்ற கட்டளை இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ஜன்னலில் அதன் எக்ஸ்போர்ட் டிரைவர் வசதியை ஓட்டினால் போதும், மூன்றாம் தரப்பு டிரைவர்கள் அத்தனையும் வந்துவிடும். நாளை இன்னொரு ரிப்பேர் வந்தாலும் டிவைஸ் மேனேஜரிடம் அந்த ஃபோல்டரைக் காட்டலாம். அதை பென் டிரைவிலோ வேறு வட்டிலோ வையுங்கள். சி டிரைவில் வைத்தால் ஃபார்மேட்டில் அதுவும் சேர்ந்து போய்விடும்.